பென்சனுக்கும் பிச்சைச் சம்பளத்துக்கும் இடையில்: கனடாவின் முதியோர் கொடுப்பனவு வந்த வழி

முதுமைக் காலத்தில் அரசாங்கத்திடமிருந்து வரும் பணத்துக்கு யாழ்ப்பாணத்தவர் பேச்சில் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று பென்சன். மற்றையது பிச்சைச் சம்பளம். முதலாவது சொல்லை உச்சரிக்கும்போது குரலில் ஒரு நிமிர்வு தெரியும். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று பழமொழி சொன்ன சமூகம் அது. முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு மாதாமாதம் வருவது உழைத்த பணம், அதிலே வெட்கப்பட ஏதுமில்லை. இரண்டாவது சொல் மெல்லிய குரலில் சொல்லப்படுவது. 1939ஆம் ஆண்டின் வறியோர் கட்டளைச் சட்டத்திலிருந்து தொடரும் பொதுசன உதவிப்பணத்துக்கு எங்களுடைய ஊர்களில் வழங்கிய பெயர் அதுதான். கோப்புகளில் 'பொதுசன மாதாந்த உதவிப்பணம்' என்று எவ்வளவுதான் கௌரவமாக எழுதினாலும், தபாற்கந்தோர் வாசலில் நின்றவர்கள் அதைப் பிச்சைச் சம்பளம் என்றே சொன்னார்கள்.

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் கனடாவிலிருந்து வரும் வாசகர் கடிதங்களில் ஒரு குழப்பத்தைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். அறுபத்தைந்து வயதுக்குப் பின்னர் அங்கே கிடைக்கும் பணத்தைச் சிலர் 'பென்சன்' என்று எழுதினார்கள். வேறு சிலர் 'வெல்பெயர்' என்று எழுதினார்கள். உண்மையில் அது இரண்டுமல்ல. இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ நாற்பது ஆண்டு அரசியல் இழுபறியின் பின்னர் பிறந்த ஒன்று. உத்தரவாத வருமானக் குறைநிரப்பி என்று தமிழில் சொல்லலாம். எங்கள் ஆட்களின் வாயில் அது 'ஜி.ஐ.எஸ்.'. அதன் வரலாறு எங்கள் மக்கள் அங்கே போய்ச் சேர்வதற்கு வெகுகாலம் முன்னரே தொடங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடிய அரசின் நிலைப்பாடு எளிமையானது: முதுமைக்கு வேண்டியதை அவரவர் சேமித்துக்கொள்ள வேண்டும். 1908இல் அரச ஆண்டுத்தொகைச் சட்டம் வந்தது. இளமையில் அரசாங்கத்திடம் பணத்தைக் கட்டி வைத்தால் முதுமையில் ஆண்டுதோறும் ஒரு தொகை கிடைக்கும். கையில் மிச்சம் இருப்பவனுக்கு நல்ல திட்டம். கூலிக்காரனுக்கு அதனால் பயனில்லை. 1921இல் ஒன்ராறியோ மாகாணம் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் ஒன்றை இயற்றி, தாய் தகப்பனைப் பார்க்காத பிள்ளைகளை நீதிமன்றத்துக்கு இழுக்க வழி செய்தது. 'வெள்ளைக்காரர் பெற்றோரைக் கைவிடுபவர்கள், நாங்கள்தான் பார்ப்பவர்கள்' என்று மேடைகளில் பேசும் எமது பெரியவர்கள் இந்தச் சட்டத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. பிள்ளைகளே பார்க்க வேண்டும் என்பது அன்றைக்கு அங்கேயும் சட்டத்தின் குரலாக இருந்தது.

மாற்றம் வந்தது கருணையினால் அல்ல, எண்ணிக்கையினால். 1925 ஒக்ரோபர் தேர்தலில் பிரதமர் மக்கென்சி கிங்கின் லிபரல் கட்சி, எதிர்க்கட்சியான கன்சவேட்டிவ் கட்சியை விடக் குறைந்த ஆசனங்களையே பெற்றது. ஆனாலும் கிங் பதவியை விடவில்லை, சிறு கட்சிகளின் தயவில் ஆட்சியைக் கொண்டு நடத்த முனைந்தார். அந்தப் பாராளுமன்றத்தில் வின்னிப்பெக் நகரிலிருந்து வந்த தொழிற்கட்சியினர் இருவர் இருந்தனர். ஒருவர் வூட்ஸ்வேர்த், முன்னாள் மெதடிஸ்ற் போதகர். மற்றவர் ஹீப்ஸ், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே பிறந்து தளபாடங்களுக்கு மெத்தை தைக்கும் தொழில் செய்தவர். 1919 வின்னிப்பெக் பொது வேலைநிறுத்தத்தின்போது இருவருமே கைது செய்யப்பட்டவர்கள்.

1926 ஜனவரியில் இந்த இருவரும் ஒரே கடிதத்தை இரண்டு பேருக்கு அனுப்பினார்கள்: பிரதமர் கிங்குக்கு ஒன்று, எதிர்க்கட்சித் தலைவர் ஆதர் மீயனுக்கு ஒன்று. வேலையற்றோருக்கும் முதியோருக்கும் இந்தக் கூட்டத்தொடரிலேயே ஏதாவது செய்வீர்களா என்பதுதான் கேள்வி. யார் திருப்தியான பதில் தருகிறாரோ அவருக்குத்தான் இரண்டு வாக்குகளும். கிங் இணங்கினார், எழுத்திலும் கொடுத்தார். வூட்ஸ்வேர்த்துக்கு அமைச்சுப் பதவி தரவும் அவர் முன்வந்ததாகவும், வூட்ஸ்வேர்த் மறுத்துவிட்டதாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கிங்கின் பதிலை வூட்ஸ்வேர்த் சபையிலே வாசித்து ஹன்சாட்டில் ஏற்றிவிட்டார். அரசியல்வாதியின் வாக்குறுதியைக் காற்றிலே விடாமல் பதிவேட்டில் கட்டி வைத்த அந்த முன்யோசனையை, பல அரசாங்கங்களின் வாக்குறுதிகளைச் செய்தியாக எழுதியவன் என்ற முறையில் நான் வெகுவாக மதிக்கிறேன்.

சட்டமூலம் மக்கள் சபையில் நிறைவேறியது. கன்சவேட்டிவ் பெரும்பான்மை கொண்ட செனற் சபை அதைத் தோற்கடித்தது. அதே ஆண்டில் அரசாங்கமும் கவிழ்ந்து, செப்ரெம்பரில் மீண்டும் தேர்தல் வந்தது. கிங் வென்றார். தேர்தலில் மக்கள் தீர்ப்புச் சொன்ன பின்னர் செனற் சபையும் வழிவிட, 1927 மார்ச் மாத இறுதியில் முதியோர் ஓய்வூதியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் உட்பிரிவுகளைப் பார்த்தால், வெற்றி எவ்வளவு சிறியது என்பது விளங்கும். எழுபது வயது நிரம்பியிருக்க வேண்டும். பிரித்தானியப் பிரஜையாக இருக்க வேண்டும். கனடாவில் இருபது ஆண்டும், விண்ணப்பிக்கும் மாகாணத்தில் ஐந்து ஆண்டும் வாழ்ந்திருக்க வேண்டும். ஆதிக்குடிகளில் 'இந்தியர்' சட்டத்தின்கீழ் பதியப்பட்டவர்களுக்கு இல்லை. ஆகக்கூடிய தொகை மாதம் 20 டொலர். ஓய்வூதியத்தையும் சேர்த்து ஒருவருடைய ஆண்டு வருமானம் 365 டொலரைத் தாண்டக் கூடாது, அதாவது நாளுக்கு ஒரு டொலர். செலவில் பாதி மத்திய அரசுடையது, பாதி மாகாணத்துடையது. தன் பாதியைக் கொடுக்க விரும்பாத அல்லது இயலாத மாகாணத்தில் திட்டமே இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியா 1927இலேயே சேர்ந்துகொண்டது. கியூபெக் 1936இல்தான் சேர்ந்தது. ஒன்பது ஆண்டுகள் தாமதம் என்பது எழுபது வயதுக்காரருக்கு என்ன பொருள் தரும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் விடக் கசப்பானது வசதிச் சோதனை. எவ்வளவு சம்பாதிக்கிறீர் என்று கேட்பதோடு அது நிற்கவில்லை. வீடு யாருடையது, வங்கியில் என்ன கிடக்கிறது, பிள்ளைகள் என்ன தொழில், அவர்களால் உதவ முடியாதா என்றெல்லாம் அது நீண்டது. ஓய்வூதியம் பெற்றவர் இறந்த பின்னர், கொடுத்த பணத்தை அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து வட்டியோடு அறவிடும் அதிகாரமும் சட்டத்திலே இருந்தது. ஆயுள் முழுதும் உழைத்துக் கட்டிய சிறு வீட்டின்மேல் மாகாண அரசு உரிமை கோரலாம் என்றால், அந்த வீட்டுக்காரக் கிழவி விண்ணப்பப் படிவத்தைத் தொடுவாளா? பட்டினி கிடந்தாலும் வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுப் போக வேண்டும் என்று நினைப்பது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய குணமல்ல.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இந்தச் சோதனைக்கு எதிரான குரல் ஓங்கியது. 1942இல் வூட்ஸ்வேர்த் மறைந்தபின், வின்னிப்பெக்கில் அவருடைய தொகுதியில் இடைத்தேர்தலில் வென்று வந்தவர் ஸ்ரான்லி நோல்ஸ். இடையிலே ஒரு தோல்வி நீங்கலாக 1984 வரை பாராளுமன்றத்தில் இருந்தவர். முதியோர் ஓய்வூதியத்தை இவர் சலிக்காமல் பேசிக்கொண்டே இருந்தார். 1950இல் இரு சபைகளின் கூட்டுக்குழு ஒன்று, சோதனையில்லாத ஓய்வூதியத்தைப் பரிந்துரைத்தது. அதற்கு அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருந்தது, ஏனெனில் சமூக நலன் மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 1951இல் மாகாணங்களின் சம்மதத்தோடு திருத்தம் செய்யப்பட்டு, 1952 ஜனவரி முதலாந் திகதி முதியோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எழுபது வயதும் இருபது ஆண்டு வதிவும் உள்ள எவருக்கும் மாதம் 40 டொலர். கோடீஸ்வரருக்கும் அதே தொகை, விறகு வெட்டியவருக்கும் அதே தொகை. முன்னர் விலக்கப்பட்டிருந்த ஆதிக்குடியினரும் சேர்க்கப்பட்டனர். பிரதமர் லூயி சென் லோறன். சட்டத்தைக் கொண்டுவந்த சுகாதார நலத்துறை அமைச்சர் போல் மார்ட்டின். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கட்டும், பின்னர் தேவைப்படும்.

எல்லோருக்கும் கொடுப்பதில் உள்ள சிக்கல், ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் தொகை சிறிதாகவே இருக்கும் என்பது. 1957இல் நிதியமைச்சர் வோல்ரர் ஹரிஸ் 40 டொலரை 46 ஆக உயர்த்தினார். நன்றி கிடைக்கும் என்று நினைத்திருப்பார். கிடைத்தது 'ஆறு டொலர் ஹரிஸ்' என்ற கேலிப் பெயர். அவ்வாண்டுத் தேர்தலில் லிபரல் கட்சி தோற்றது, ஹரிஸும் தொகுதியை இழந்தார். புதிய பிரதமர் டீபன்பேக்கர் அதே ஆண்டில் தொகையை 55 டொலருக்கு உயர்த்தினார். முதியோருக்கு வாக்கு உண்டு என்பதைக் கனடிய அரசியல்வாதிகள் அன்று படித்துக்கொண்டார்கள்.

அறுபதுகளில் பிரதமர் லெஸ்ரர் பியர்சன் கனடா ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தார். தொழில் செய்பவரும் தொழில் கொடுப்பவரும் கட்டணம் செலுத்தி, ஓய்வின்போது உழைப்புக்கேற்பப் பெறும் திட்டம். 1966 ஜனவரியில் அது தொடங்கியது. ஆனால் அதிலே கண்ணுக்குத் தெரிந்த ஓட்டை ஒன்று இருந்தது. ஏற்கெனவே முதுமை அடைந்துவிட்டவர்கள் அதில் ஒரு சதமேனும் கட்டியிருக்க மாட்டார்கள். பொருளாதார மந்தத்தையும் இரண்டு போர்களையும் கண்ட தலைமுறை அது. அவர்களை என்ன செய்வது? செனற்றர் டேவிட் குரோல் தலைமையிலான முதுமை பற்றிய விசேட குழு 1966இல் தந்த அறிக்கையில், முதியோருக்கு ஒரு குறைந்தபட்ச வருமானத்தை அரசு உத்தரவாதம் செய்ய வேண்டும் என்று சொன்னது. எதிர்க்கட்சிகளோ 75 டொலராக இருந்த ஓய்வூதியத்தை எல்லோருக்கும் 100 டொலராக்கு என்று நெருக்கின. பியர்சனுடையதும் சிறுபான்மை அரசாங்கமே. நூறு டொலரைக் கொடுக்கவும் மனமில்லை, மறுக்கவும் பலமில்லை.

அதிலிருந்து பிறந்ததுதான் குறைநிரப்பி. 1966 இறுதியில் அமைச்சர் அலன் மக்ஈச்சன் கொண்டுவந்த சட்டம் 1967 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 75 டொலர் எல்லோருக்கும் இருக்கும். வேறு வருமானம் இல்லாதவருக்கு அதற்குமேல் 30 டொலர். ஆக 105 டொலர். வேறு வருமானம் இருந்தால், அந்த வருமானத்தின் ஒவ்வொரு இரண்டு டொலருக்கும் குறைநிரப்பியில் ஒரு டொலர் குறையும்.

வசதிச் சோதனையைப் பின்கதவால் கொண்டுவருகிறீர்கள் என்று எதிர்க்கட்சியினர் சபையிலே சீறினார்கள். அரசாங்கத்தின் பதிலை நான் இக்கதையின் முக்கியமான திருப்பம் என்று கருதுகிறேன். இது வசதிச் சோதனை அல்ல, வருமானச் சோதனை என்றார்கள். கேட்பதற்குச் சொல் விளையாட்டுப் போலத் தோன்றும், ஆனால் வேறுபாடு பெரியது. வீடு எவ்வளவு பெறுமதி என்று கேள்வி இல்லை. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேள்வி இல்லை. அலுமாரியைத் திறந்து பார்க்க எந்த உத்தியோகத்தரும் வரமாட்டார். இறந்தபின் வீட்டின்மேல் பாத்தியதையும் இல்லை. கடந்த ஆண்டு என்ன வருமானம் என்று ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், வரிப் படிவம் நிரப்பும் எந்தக் குடிமகனையும் போல. வறியவரிடம் கேட்கப்படும் கேள்வி மாறியதும் வாங்கும் பணத்தின் தன்மையும் மாறிவிட்டது.

இது தற்காலிக ஏற்பாடாகவே திட்டமிடப்பட்டது என்பது இன்று பலருக்குத் தெரியாது. புதிய ஓய்வூதியத் திட்டம் முதிர்ச்சி அடைந்ததும் குறைநிரப்பிக்குத் தேவை இருக்காது என்று நினைத்தார்கள். ஆனால் வீட்டிலே உழைத்துச் சம்பளம் காணாத பெண்கள், இடைக்கிடை வேலை செய்தவர்கள், காலம் பிந்தி நாட்டுக்குள் வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த ஓய்வூதியம் போதவில்லை. எழுபதுகளின் தொடக்கத்திலேயே குறைநிரப்பி நிரந்தரமாகிவிட்டது. 1975இல் அறுபது முதல் அறுபத்துநான்கு வயது வரையான வாழ்க்கைத் துணைகளுக்கும், 1985இல் அதே வயதிலுள்ள கைம்பெண்களுக்கும் மனைவியை இழந்தோருக்கும் ஒரு கொடுப்பனவு சேர்ந்தது. எழுபதுகளுக்கும் தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்கும் இடையில் கனடாவில் முதியோர் வறுமை வியக்கத்தக்க அளவு வீழ்ந்தது. அதற்கான காரணங்களைப் பட்டியலிடும் எந்தப் பொருளியலாளரும் குறைநிரப்பியைத் தவிர்க்க முடியாது.

அதை வெட்ட முயன்றவர்களும் இருந்தார்கள். பிரதமர் பிறையன் மல்றோனியின் நிதியமைச்சர் மைக்கல் வில்சன், 1985 மே மாத வரவுசெலவுத் திட்டத்தில் முதியோர் ஓய்வூதியம் விலைவாசிக்கேற்ப முழுமையாக உயர்வதை நிறுத்த முனைந்தார். ஜூன் 19ஆந் திகதி பாராளுமன்றத்தின் முன்னால் நின்ற ஆர்ப்பாட்டக்காரர்களிடம் மல்றோனி வந்தார். சொலாஞ் டெனி என்ற 63 வயதுப் பெண், உருவத்தில் சிறியவர், நாட்டின் பிரதமரை முகத்துக்கு நேரே பொய்யர் என்றார். இப்படியே போனால் அடுத்த தேர்தலில் உமக்கு விடைகொடுப்போம் என்றும் சொன்னார். தொலைக்காட்சிக் கமராக்கள் எல்லாவற்றையும் பதிந்தன. எட்டு நாட்களில் அரசாங்கம் பின்வாங்கியது. 1996இல் இன்னொரு நிதியமைச்சர், ஓய்வூதியத்தையும் குறைநிரப்பியையும் ஒன்றாக்கிக் குடும்ப வருமானத்தை வைத்துக் கணக்கிடும் புதிய திட்டம் ஒன்றை அறிவித்தார். 1998இல் அதுவும் கைவிடப்பட்டது. அந்த நிதியமைச்சரின் பெயர் போல் மார்ட்டின், 1951இல் சட்டத்தைக் கொண்டுவந்தவரின் மகன். தந்தை கட்டியதை மகன் இடித்துத் திருத்தப் பார்த்தார் என்று எழுத எந்தப் பத்திரிகையாளனுக்கும் கை துறுதுறுக்கும்.

என்னைப் பொறுத்தவரை, இத்திட்டத்தின் உண்மையான குறை அரசியல்வாதிகளின் கத்தரிக்கோல் அல்ல. அது விண்ணப்பத்திலே இருந்தது. குறைநிரப்பி கேட்பவருக்கே கொடுக்கப்பட்டது. 2001 டிசம்பரில் பாராளுமன்றக் குழு ஒன்று, தகுதி இருந்தும் குறைநிரப்பியைப் பெறாத முதியோர் இலட்சக்கணக்கில் இருக்கலாம் என்று அறிக்கையிட்டது. வருமான வரித் திணைக்களத்துக்கு அவர்களுடைய வறுமை தெரியும். அது அரசாங்கத்தின் ஒரு கை. கொடுப்பனவு செய்யும் மற்றக் கை, விண்ணப்பம் வரவில்லையே என்று சும்மா இருந்தது. பிந்திக் கண்டுபிடித்து விண்ணப்பித்தவருக்கோ முன்னைய பதினொரு மாத நிலுவை மட்டுமே. பத்து வருடம் அறியாமல் இருந்தவருக்கு ஒன்பது வருடப் பணம் போனது போனதுதான். வாசிக்கத் தெரியாதவர்கள், ஆங்கிலமோ பிரெஞ்சோ அறியாதவர்கள், ஆதிக்குடி முதியோர், வீடற்றோர் என்போர்தான் பெரும்பாலும் விடுபட்டார்கள். யாருக்காகத் திட்டம் வந்ததோ அவர்களே! பின்வந்த ஆண்டுகளில் கடிதங்கள் அனுப்பியும் பதிவைத் தானியங்கியாக்கியும் நிலைமை பெருமளவு திருத்தப்பட்டது.

எங்கள் மக்கள் இந்தக் கதைக்குள் நுழைவது 1983க்குப் பின்னர். அவர்கள் போய்ச் சேர முன்னரே, 1977இல், வதிவு விதி மாற்றப்பட்டிருந்தது. பதினெட்டு வயதின் பின்னர் நாற்பது ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்தவருக்கே முழு ஓய்வூதியம். குறைந்தால் ஆண்டுக்கு நாற்பதில் ஒரு பங்கு. ஆகக் குறைந்தது பத்து ஆண்டுகள். சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உள்ள நாடுகளில் வாழ்ந்த காலத்தை அந்தப் பத்துக்குக் கணக்கிட இடமுண்டு. இந்தியாவுடன் 2015இல் அத்தகைய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையுடன் இல்லை.

1995இல் அறுபத்திரண்டு வயதில் மகனின் ஸ்பொன்சரில் ரொறன்ரோவுக்கு வந்த ஒரு தாயைக் கற்பனை செய்யுங்கள். அறுபத்தைந்தில் அவருக்கு எதுவும் இல்லை. 2005இல், எழுபத்திரண்டு வயதில்தான் முதற் காசோலை. அதுவரை பேருந்துக் கட்டணத்துக்கும் மகனிடமோ மருமகளிடமோ கேட்க வேண்டும். ஆனால் அந்தப் பத்து ஆண்டு முடிந்தவுடன் நடப்பது பலரை வியக்க வைக்கும். ஓய்வூதியம் நாற்பதில் பத்துப் பங்குதான் என்றாலும், வேறு வருமானம் இல்லாதவருக்குக் குறைநிரப்பி அந்தப் பள்ளத்தையும் சேர்த்து நிரப்பிவிடும். அங்கேயே பிறந்து வளர்ந்த வறிய மூதாட்டியின் கைக்கு வரும் அதே மொத்தத் தொகை சுன்னாகத்திலிருந்து வந்தவருடைய கைக்கும் வரும்.

ஸ்காபரோவிலே நான் சந்தித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கட்டுநாயக்காவில் விமானமேறிய பயணச்சீட்டின் அடிக்கட்டையைப் பிளாஸ்ரிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். "வந்த திகதிக்குச் சாட்சி வேணும் தம்பி. பத்து வருசத்தில ஒரு கிழமை குறைஞ்சாலும் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்" என்றார். ஊரிலே அவருக்கு ஆசிரியர் பென்சன் இருந்தது. ரூபாவில் வந்த அந்தப் பணம் டொலரில் என்ன பெறும் என்பதைச் சிரித்தபடியே கணக்குப் போட்டுக் காட்டினார்.

பத்து ஆண்டுகளை மூன்றாகக் குறைக்க வேண்டும் என்று 2009இல் லிபரல் உறுப்பினர் ரூபி டல்லா தனிநபர் சட்டமூலம் ஒன்றைச் சமர்ப்பித்தார். குடிவந்தவர்கள் கஜானாவைக் காலி செய்யப் போகிறார்கள் என்று மின்னஞ்சல்கள் ஊரெங்கும் பறந்தன. சட்டமூலம் நிறைவேறவில்லை. 2014 முதல் பெற்றோரை அழைப்பவர்களின் பொறுப்புக் காலம் பத்திலிருந்து இருபது ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது, கியூபெக் நீங்கலாக. ஸ்ரீபன் ஹார்ப்பர் அரசு 2012இல் ஓய்வூதிய வயதை 67 ஆக்கச் சட்டம் செய்ததும், அது நடைமுறைக்கு வர முன்னரே 2016இல் ஜஸ்ரின் ட்ரூடோ அரசு அதை நீக்கித் தனியாக வாழும் வறிய முதியோருக்குக் குறைநிரப்பியை உயர்த்தியதும் அண்மைக் கால வரலாறு. 2020இல் கொரோனாக் கால உதவிப்பணத்தைப் பெற்ற முதியோருக்கு, அது வருமானமாகக் கணிக்கப்பட்டதால் 2021 ஜூலையில் குறைநிரப்பி வெட்டப்பட்டது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்த அந்தக் கூத்துக்கு 2022இல்தான் நிவாரணம் வந்தது. தொகை விலைவாசியோடு உயர்கிறதே தவிர நாட்டின் சம்பளங்களோடு உயர்வதில்லை. தொண்ணூறுகளின் பின்னர் முதியோர் வறுமை மீண்டும் தலைதூக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரும்பாலான எம் முதியவர்களுக்கு இந்தச் சட்டத்தில் மனப்பாடமான பிரிவு ஒன்றுதான்: ஆறு மாதம். கனடாவை விட்டு வெளியே ஆறு மாதத்துக்குமேல் தங்கினால் குறைநிரப்பி நின்றுவிடும். இருபது ஆண்டு வதிவு இல்லாதவருக்கு அடிப்படை ஓய்வூதியமும் நின்றுவிடும். 2002 போர்நிறுத்தத்தின்போதும், 2009க்குப் பின்னரும், வீட்டையும் கோயிலையும் பார்க்க வந்த வயோதிபர்கள் பலர் ஊரிலேயே இருந்துவிட மனம் கொண்டிருந்தார்கள். திருவிழா முடிய முன்னரே கடவுச்சீட்டை எடுத்து, வந்திறங்கிய முத்திரையின் திகதியிலிருந்து நாட்களை விரல்விட்டு எண்ணுவார்கள். ஐந்தாம் மாத முடிவில் கொழும்புக்குப் பஸ் பதிவு செய்துவிடுவார்கள்.